தொப்பிக்கு மட்டும் கரகரன்னு இரைஞ்ச லேப்டாப் ஸ்பீக்கர்

எங்க அப்பா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஹால்ல பால்கனி பக்கத்து மேசைல லேப்டாப்ப வெச்சு பழைய கச்சேரி கேப்பாரு, இயர்போன் அவருக்கு ஒத்து வராது, காது வலிக்குதும்பாரு. ரெண்டு வாரம் முன்னாடி என்னைக் கூப்பிட்டு "டேய், தொப்பில கை விழும்போது மட்டும் கரகரங்குதுடா, வலந்தலைக்கு ஒண்ணும் இல்ல, என்னன்னு பாரு"ன்னாரு. மிருதங்கத்துல இடது பக்கம் தொப்பி, கனமான சத்தம், வலது பக்கம் வலந்தலை, கணீர்னு இருக்கும். அவர் சொன்னதுல பாதி பதில் அப்பவே இருந்துச்சு, நான்தான் அத காதுல வாங்காம ஒரு வாரம் டிரைவர் (லேப்டாப் பாகங்கள இயக்குற சாஃப்ட்வேர்) செட்டிங்ஸோட மல்லுக்கட்டினேன். லேப்டாப் ஸ்பீக்கர் கரகரக்குறவங்க யாராவது இத படிச்சா அந்த ஒரு வாரமாவது மிச்சமாகட்டும்னுதான் முழுசா எழுதறேன்.

லேப்டாப் ஆறு வருஷப் பழசு, விண்டோஸ் 10, ஸ்பீக்கர் ரெண்டும் அடிப்பக்கம் பாத்த மாதிரி, கை வைக்கிற இடத்துக்குக் கீழ இடதும் வலதுமா இருக்கும். வீடு திருவான்மியூர், கடல் பக்கம். இது ஏன் முக்கியம்னு பின்னாடி வரும்.

முதல்ல நானே உக்காந்து கேட்டேன், ரெண்டு விதமான சத்தம் வந்துச்சு, அதுதான் என்னைக் குழப்பினது. ஒண்ணு "டிக்... டிக் டிக்"னு எப்பவாவது, பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாம. இன்னொண்ணு அப்பா சொன்ன கரகர, பாட்டோட சேந்தே வரும், அதே இடத்துக்கு ரீவைண்ட் பண்ணா அதே இடத்துல திரும்பவும் வரும். இந்த வித்தியாசம்தான் எல்லாத்துக்கும் அடிப்படை. ரீவைண்ட் பண்ணி மறுபடி போட்டா சத்தம் இடம் மாறுதுன்னா சாஃப்ட்வேர் பக்கம் பாருங்க, ஒவ்வொரு தடவையும் அதே ஸ்வரத்துல அதே அடில வருதுன்னா ஸ்பீக்கர சந்தேகப்படுங்க (பாட்டு ஃபைலே கெட்டுப்போயிருந்தாலும் அப்படித்தான் வரும், அதனால அதே பாட்ட போன்ல ஒரு தடவ போட்டு பாத்துடணும்).

டிக் டிக் சத்தத்த மொதல்ல எடுத்துக்கிட்டேன். சவுண்ட் செட்டிங்ஸ்ல ஸ்பீக்கர் ப்ராப்பர்ட்டீஸ்குள்ள போயி என்ஹான்ஸ்மென்ட்ஸ் எல்லாத்தையும் ஆஃப் பண்ணேன், அட்வான்ஸ்டு டேப்ல 24 பிட் 192000 ஹெர்ட்ஸ்னு யாரோ வெச்சிருந்தாங்க, அத 16 பிட் 48000 ஆக்கினேன். கொஞ்சம் கொறைஞ்சுச்சு, போகல. அப்புறம் லேட்டன்சிமான்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அத ஓட விட்டு பத்து நிமிஷம் பாட்டு போட்டேன், எந்த டிரைவர் ப்ராசசர ரொம்ப நேரம் பிடிச்சு வெச்சுக்குதுன்னு அது காட்டும். வைஃபை டிரைவர்தான் மேல வந்துச்சு. விஷயம் என்னன்னா விண்டோஸ் சத்தத்த சாதாரணமா 10 மில்லிசெகண்ட் துண்டு துண்டா ஸ்பீக்கருக்கு அனுப்புது, நடுவுல வேற டிரைவர் ஏதாவது ப்ராசசர விடாம பிடிச்சுக்கிட்டா அடுத்த துண்டு நேரத்துக்கு வராது, அந்த ஓட்டதான் நம்ம காதுக்கு டிக்னு கேக்குது. லேப்டாப் கம்பெனி சைட்ல இருந்து புது வைஃபை டிரைவர் எறக்கி போட்டேன், டிக் டிக் சுத்தமா நின்னுடுச்சு.

கரகர மட்டும் அப்படியே இருந்துச்சு.

இங்கதான் நான் தப்பு பண்ணேன். ஒண்ணு சரியானதும் இன்னொண்ணும் சாஃப்ட்வேர்தான்னு முடிவு பண்ணி சவுண்டுக்கான ரியல்டெக் டிரைவர தூக்கி மைக்ரோசாஃப்டோட பொது டிரைவர் போட்டேன், திரும்ப பழைய ரியல்டெக், திரும்ப புதுசுன்னு நாலு ராத்திரி போச்சு. அஞ்சாவது நாள்தான் ஒரு பென் டிரைவ்ல உபுண்டு (விண்டோஸுக்குப் பதிலா ஓடுற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) ஏத்தி, இன்ஸ்டால் எதுவும் பண்ணாம ட்ரை மோட்ல பூட் பண்ணி அதே பாட்ட போட்டேன். அதே தொப்பி, அதே கரகர. விண்டோஸே இல்லாத இடத்துலயும் சத்தம் அப்படியே வருதுன்னா டிரைவர் மேல இனிமே பழி போட முடியாது. இந்த அரை மணி நேர வேலைய முதல் நாளே பண்ணியிருக்கணும்.

நடுவுல ஒரு சர்வீஸ் சென்டர்ல காட்டினேன், பேர் வேண்டாம். இயர்போன் போட்டு பாத்தாங்க, அதுல சத்தம் சுத்தமா இருந்துச்சு, உடனே "சார், மதர்போர்டுல ஸ்பீக்கர் ஐசி போயிருக்கு, போர்டு வேலை, 4500 ஆகும்"னுட்டாங்க. லேப்டாப்ப திறக்கவே இல்ல. எனக்கு அதுல ரொம்ப மனசு கஷ்டமாயிடுச்சு, ஏன்னா அவங்க சொன்னதுல பாதி நியாயம் இருக்கு, அந்த பாதிய வெச்சுதான் பணம் கேக்குறாங்க. இயர்போனுக்குப் போற வழி வேற, உள் ஸ்பீக்கருக்குப் போற வழி வேற, பல லேப்டாப்ல ஸ்பீக்கருக்குன்னு தனியா சின்ன ஆம்ப்ளிஃபயர் சிப் இருக்கும், அதனால இயர்போன் நல்லா இருந்தா கோளாறு அந்த சிப்லயும் இருக்கலாம், ஸ்பீக்கர்லயும் இருக்கலாம். ஸ்பீக்கர் சில நூறு ரூபா சமாச்சாரம், அத பாக்காமலே போர்டுக்கு எப்படி போறது?

சிப்பா ஸ்பீக்கரான்னு கண்டுபிடிக்க ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். ஆடாசிட்டிங்கிற இலவச சவுண்ட் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ஜெனரேட் மெனுவுக்குள்ள சர்ப்னு ஒண்ணு இருக்கு, 100 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் 30 செகண்ட்ல மெதுவா ஏறுற ஊதல் மாதிரி ஒரு சத்தம் பண்ணேன். சத்தத்த பாதிக்கும் கீழ வெச்சு போட்டேன், இந்த மாதிரி சைன் வேவ்ல (ஒரே சீரான ஊதல் சத்தத்துல) முழு வால்யூம் வெச்சா நல்லா இருக்குற ஸ்பீக்கரும் போயிடும், ஜாக்கிரதை. பேலன்ஸ முழுசா வலது பக்கம் தள்ளினா ஊதல் வழுவழுன்னு ஏறுது. இடது பக்கம் தள்ளினதும் 250ல இருந்து கிட்டத்தட்ட 400 வரைக்கும் வண்டு ரீங்காரம் போடுற மாதிரி கர்ர்ர், 400 தாண்டினதும் சட்டுனு தெளிவாயிடுது. மூணு தடவ போட்டேன், மூணு தடவையும் அதே இடம். அப்புறம் 320 ஹெர்ட்ஸ்ல ஒரே சீரான சத்தம் வெச்சுட்டு லேப்டாப்ப பக்கவாட்டுல நிக்க வெச்சு, அடிப்பக்கம் இடது ஸ்பீக்கர் ஜன்னல் மேல விரல வெச்சு லேசா அழுத்தினேன், கரகரப்போட குணமே மாறுச்சு. மூடிய தட்டினா ஒரு நொடி நின்னு திரும்ப வந்துச்சு. சிப் கெட்டிருந்தா அது நம்ம விரலுக்கு மதிப்பு கொடுக்காது. தட்டினா அழுத்தினா மாறுற சத்தம்னா ஏதோ ஒண்ணு ஆடுது, உரசுது.

அப்பா சொன்னது இப்பதான் எனக்கு உறைச்சுது. அதே அளவு சத்தம் வரணும்னா ஃப்ரீக்வென்சி பாதியா கொறையும்போது ஸ்பீக்கரோட சவ்வு 4 மடங்கு தூரம் ஆடணும். வலந்தலையோட மேல் சத்தத்துக்கு சவ்வு ஆடுறதே தெரியாது. தொப்பி விழும்போது அதால முடிஞ்ச வரைக்கும் எம்பி எம்பி ஆடும், அப்பதான் பக்கத்துல இருக்குற எது மேலயாவது இடிக்கும். டிரைவர் கோளாறுக்கு தொப்பி எது வலந்தலை எதுன்னு தெரியாது. அவர் முதல் நாளே சொல்லிட்டாரு.

அன்னிக்கு ராத்திரி திறக்க தைரியம் வரல, அதனால தற்காலிகமா ஈக்வலைசர் ஏபிஓன்னு சத்தத்த கூட்டிக் கொறைக்கிற ஒரு சாஃப்ட்வேர் போட்டு 400 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாத்தையும் வெட்டிவிட்டேன். கரகரப்பு நின்னுச்சு. அப்பா அஞ்சு நிமிஷம் கேட்டுட்டு "மிருதங்கம் தகர டப்பா மாதிரி இருக்குடா, வேண்டாம்"னு மூடிட்டாரு. அவசரத்துக்கு மீட்டிங் பேச வேணா இது போதும், பாட்டுக்கு ஆகாது.

சனிக்கிழமை காலைல திறந்தேன். ஒரு ஏ4 பேப்பர்ல லேப்டாப் அடிப்பாகத்த வரைஞ்சு, எந்த ஸ்க்ரூ எங்க இருந்து வந்துச்சோ அந்த இடத்துலயே செல்லோடேப் போட்டு ஒட்டிடுவேன், இது என் பழக்கம், ஏன்னா இதுல ரெண்டு ஸ்க்ரூ மட்டும் நீளம், அத மாத்தி குட்டையானது இருந்த இடத்துல முறுக்கினா மேல் பக்கம் குத்திக்கிட்டு வந்துடும். பின்பக்க ரப்பர் பட்டைக்குக் கீழயும் ரெண்டு ஒளிஞ்சிருந்துச்சு. மூடிய பிரிக்க பழைய ஏடிஎம் கார்டு போதும், ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினா ஓரம் நசுங்கிடும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டர கழட்டுறது. பேட்டரிய கண்ணால நல்லா பாத்தேன், விரலால தடவியும் பாத்தேன், தட்டையா இருந்துச்சு. இத ஏன் சொல்றேன்னா உப்பின பேட்டரி ஸ்பீக்கர் டப்பாவயும் மூடியயும் தள்ளி இதே மாதிரி கரகரப்ப கொடுக்கும். டச்பேட் மேல எழும்பியிருந்தா, மூடி சரியா உக்காராம இருந்தா, பாட்டு பிரச்சினைய விடுங்க, சார்ஜ் போடுறத நிறுத்திட்டு முதல்ல பேட்டரிய மாத்துங்க. உப்பின பேட்டரிய குத்தறது, அழுத்தறது எதுவும் கூடாது, தீப்பிடிக்கும்.

இடது ஸ்பீக்கர தனியா எடுத்து திருப்பினேன். போன் டார்ச்ச அடிச்சு அப்பாவோட பூதக்கண்ணாடில பாத்தப்ப அப்படியே திகைச்சு உக்காந்துட்டேன். சவ்வு மேல, நடுவுல வட்டமா, கறுப்பு மீசை முளைச்ச மாதிரி இரும்புத்தூள் நிக்குது. படுத்து கிடக்கல, ஒவ்வொரு துணுக்கும் நட்டுக்க நிக்குது, ஸ்கூல்ல பேப்பர் மேல இரும்புத்தூள் கொட்டி கீழ காந்தம் காட்டுவாங்கல்ல அதே மாதிரி. ஸ்பீக்கர சாய்ச்சாலும் அது சாயல, உள்ள இருக்குற நியோடிமியம் காந்தம் அப்படி பிடிச்சிருக்கு. சில துணுக்கு கறுப்பு, சிலது செம்பழுப்பு, துரு.

வீட்டுக்குள்ள இரும்புத்தூள் எப்படி வந்துச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், அம்மாதான் சமையக்கட்டுல இருந்து "கிரில் வேலை நடந்துச்சே"ன்னாங்க. ஆமா. கடல் காத்துல எங்க பால்கனி கிரில் அடிப்பாகம் முழுக்க அரிச்சுப்போயி மே மாசம் வெல்டர வெச்சு வெட்டி புதுசு போட்டோம், ரெண்டு நாள் கிரைண்டர் ஓடுச்சு. சோபாவுக்கெல்லாம் பழைய புடவை போட்டு மூடினோம், மேசைல லேப்டாப் அப்படியே இருந்துச்சு, அதோட இடது பக்கம் பால்கனிய பாத்து. அப்புறம் வீடு பெருக்கி துடைச்சோம், ஆனா மேசைல படிஞ்ச பொடி லேப்டாப் அடில இருந்திருக்கு, அடிப்பக்கம் பாத்த ஸ்பீக்கர் காந்தம் அத கொஞ்சம் கொஞ்சமா தனக்குள்ள இழுத்திருக்கு. வலது ஸ்பீக்கர்ல பாத்தா பத்து இருபது துணுக்குதான்.

ஃபேன் பக்கமும் மதர்போர்டு மேலயும் மினுமினுன்னு கொஞ்சம் தெரிஞ்சுச்சு, அது ஸ்பீக்கர விட பயமான விஷயம், இரும்பு கரன்ட் கடத்தும், ரெண்டு காலுக்கு நடுவுல விழுந்தா போர்டு காலி. மெல்லிசான பெயின்ட் பிரஷ்ல தட்டி தட்டி வெளிய தள்ளினேன்.

ஸ்பீக்கர் மேல இருக்குற தூள எடுக்க ஊதக் கூடாது, ப்ளோயர் கூடாது, வேக்யூம் க்ளீனர் கிட்டயே கொண்டுபோகக் கூடாது. சவ்வு பாலிதீன் கவர் மாதிரி மெல்லிசு, ஊதினா தூள் ஓரத்துக்குள்ள போகும், உறிஞ்சினா சவ்வே மடங்கிடும். வேற காந்தம் வெச்சு இழுக்கலாம்னு நெனச்சேன், சரியா வராது, உள்ள இருக்குற காந்தத்தோட அது போட்டி போடும், கை நழுவினா டப்புனு ஒட்டிக்கிட்டு சவ்வ நசுக்கும். செல்லோடேப்ப ஒட்டுற பக்கம் வெளிய வர்ற மாதிரி விரல் நுனில சுத்திக்கிட்டு, முதல்ல சட்டைல ரெண்டு தடவ ஒட்டி எடுத்து பசைய கொறைச்சுக்கிட்டு, சவ்வ அழுத்தாம தூளோட நுனிய மட்டும் தொட்டு தொட்டு எடுத்தேன். ஒரு தடவைக்கு ஒரு துண்டு டேப். முப்பது துண்டுக்கு மேல ஆச்சு, ஒரு மணி நேரம் போச்சு, கழுத்து பிடிச்சுக்கிச்சு.

தூள் போனதும்தான் கிழிசல் தெரிஞ்சுச்சு. சவ்வோட விளிம்பு ஒரு மூலைல மூணு மில்லிமீட்டர் அளவுக்கு விட்டிருக்கு, அது வழியா நைசான பொடி உள்ள போயிருக்கு. உள்ள காந்தத்துக்கும் காயிலுக்கும் (சவ்வ ஆட்டுற கம்பிச்சுருள்) நடுவுல இருக்குற இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் கம்மி, அங்க ஒரு துணுக்கு போனா போதும், காயில் ஒவ்வொரு தடவ ஆடும்போதும் உரசும். மல்டிமீட்டர் வெச்சு பாத்தேன், இடது 3.7 ஓம், வலது 3.6 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு மீட்டர்ல இப்படி கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும், அதனால மீட்டர் கணக்குல ரெண்டும் ஆரோக்கியம். மீட்டர் நல்லா காட்டுதுன்னு ஸ்பீக்கர பாஸ் பண்ணிடாதீங்க, கம்பி அறுந்துச்சான்னுதான் அது சொல்லும், உரசலப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. கடிகார பேட்டரி, அதான் 1.5 வோல்ட் செல், அத ஸ்பீக்கர் வயர்ல ஒரு நொடிக்கும் கம்மியா தொட்டு எடுத்தா உண்மை தெரியும். வலது "டப்"னுச்சு. இடது "சரக்"னுச்சு, மணல் மேல செருப்பு தேய்க்கிற மாதிரி.

விளிம்பு கிழிசலுக்கு நெயில் பாலிஷ் வெச்சு அடைக்கிறவங்க உண்டு, வெறும் கிழிசல்னா நானும் அதத்தான் பண்ணியிருப்பேன். உள்ள இரும்பு இருக்கும்போது அடைச்சா அத உள்ளயே பூட்டி வெச்ச மாதிரி ஆயிடும். மாத்துறதுதான் வழி.

பார்ட்ஸ் வாங்க சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு ரிச்சி ஸ்ட்ரீட்தான், ஞாயித்துக்கிழமை அங்க போயி பிரயோஜனம் இல்ல, பெரும்பாலும் மூடியிருக்கும், அதனால சனிக்கிழமையே சாப்பிட்டு கெளம்பிட்டேன். திருவான்மியூர்ல பறக்கும் ரயில் ஏறினா சிந்தாதிரிப்பேட்டை, அங்க இருந்து நடை தூரம்தான், மவுன்ட் ரோடு பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடுறத விட இது எவ்வளவோ மேல். ரெண்டு பழைய ஸ்பீக்கரயும் வயரோட ஒரு டப்பால போட்டு கையோட கொண்டுபோனேன். மாடல் நம்பர் மட்டும் சொல்லி வாங்கினா ஏமாறுவோம், ஒரே மாடல் பேர்ல ரெண்டு மூணு விதமான பாடி வரும். முதல் கடைல மாடல் நம்பர் அடிச்சு எடுத்துக்கொடுத்தது அச்சு அசலா அதே மாதிரி இருந்துச்சு, பக்கத்துல வெச்சு பாத்தா ஸ்க்ரூ காது ஒண்ணு எதிர்ப்பக்கம், வயரும் ரெண்டு இன்ச் குட்டை. மூணாவது கடைல இருந்த பெரியவர் என் பழச கைல வாங்கி திருப்பி, ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல பார்ட் நம்பர படிச்சாரு, "கிரில் வேலையா தம்பி?"ன்னாரு. எனக்கு ஆச்சரியமாயிடுச்சு. "கடலோர வீட்டுல இருந்து வர்றதுல இது சகஜம்பா, நான் நிறைய பாத்துட்டேன்"ன்னு சொல்லிக்கிட்டே உள்ள போயி ஒரு ஜோடி எடுத்துட்டு வந்தாரு, 4 ஓம் 2 வாட், நாலு பின் கனெக்டர், நான் கேக்காமலே ஒரு செல்ல வெச்சு தொட்டு காட்டினாரு, டப், டப். 650 ரூபா. ஜோடியாத்தான் வரும், ஒண்ணு மட்டும் கிடைக்காது. ஓம்ஸ மட்டும் மாத்தி வாங்கிடாதீங்க, 8 ஓம் போட்டா சத்தம் கொறையும், 4க்குக் கீழ போனா ஆம்ப்ளிஃபயர் சிப் சூடாகும்.

மாட்டுறது பத்து நிமிஷ வேலைன்னு நெனச்சேன். பழைய ஸ்பீக்கர் காதுல இருந்த சின்ன ரப்பர் புஷ்ஷ மறக்காம கழட்டி புதுசுல மாட்டணும், புதுசோட அது வராது, அது இல்லாம பிளாஸ்டிக் மேல பிளாஸ்டிக் உக்காந்தா அதுவே அதிரும். ஸ்க்ரூவ முறுக்கி இறுக்கக் கூடாது, புஷ் லேசா பிதுங்கினா போதும். எல்லாம் பண்ணி மூடிட்டு சர்ப் போட்டா 250ல இருந்து 400 வரைக்கும் வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு போகுது, ஆனா 550 கிட்ட புதுசா ஒரு ஜ்ஜ்ஜ். மனசு உடைஞ்சு போச்சு. திரும்ப திறந்தேன். இடது ஸ்பீக்கர் வயர் அதுக்குன்னு இருக்குற பள்ளத்துல உக்காராம மேல எழும்பி மூடிய தொட்டுக்கிட்டு இருந்துச்சு, அதுதான் மூடியோட சேந்து பாடினது. பள்ளத்துல அமுக்கி ஒரு துண்டு துணி டேப் ஒட்டினேன். ஸ்பீக்கர் ஜன்னல் துவாரத்துக்கு உள்பக்கமா ஒரு மெல்லிசான நைலான் வலையும் வெட்டி ஓரத்துல மட்டும் பசை தடவி ஒட்டிட்டேன், சவ்வுல படாத அளவுக்கு இடைவெளி இருக்கான்னு பாத்துட்டுதான். மூடினேன், சர்ப் 100ல இருந்து 1000 வரைக்கும் ரெண்டு பக்கமும் சுத்தம்.

ஈக்வலைசர எடுத்துட்டு அப்பாவ கூப்பிட்டேன். அவரு நேரா தனி ஆவர்த்தனத்துக்கு (மிருதங்கம் தனியா வாசிக்கிற இடம்) போனாரு, வால்யூம எண்பதுல வெச்சாரு, கண்ண மூடி முழுசா பன்னெண்டு நிமிஷம் கேட்டாரு. இடைல ஒரு தடவ கைய மட்டும் தூக்கி "இந்த கும்கி பாரு"ன்னாரு. தொப்பிய அடிக்கைல அழுத்தி வழுக்கும்போது சத்தம் மேல ஏறும்ல, அந்த இடம். போன வாரம் வரைக்கும் அங்கதான் கரகரப்பு உச்சத்துல இருந்துச்சு.

பழைய இடது ஸ்பீக்கர தூக்கிப் போடல. அத ஒரு சின்ன பாலிதீன் கவர்ல போட்டு, பால்கனி கதவு ஓடுற தண்டவாளத்துல ஒரு தடவ மெதுவா இழுத்தேன். கிரில் வேலை முடிஞ்சு எத்தன தடவ பெருக்கியிருப்போம், துடைச்சிருப்போம், கவர் மேல கறுப்பா திரும்பவும் மீசை முளைச்சுடுச்சு. கவர உள்பக்கமா திருப்பி தூள குப்பைல கொட்டிட்டு மறுபடி இழுத்தேன், மறுபடியும் வந்துச்சு. நாலு நாளா தினமும் காலைல மேசை, ஜன்னல் ஓரம், சோபா அடின்னு ஓட்டிட்டு இருக்கேன், நேத்து கொஞ்சம் கம்மியா வந்துச்சு. அது வராம நிக்கிற வரைக்கும் லேப்டாப் பெட்ரூம்லதான்.